கோடைக்குக் கசப்பான ஒரு குளிர்பானம்: ஹாப்ஸா, நார்த்தை இலையா?

பெங்களூரில் வேலை பார்க்கும் பிள்ளைகள் சித்திரையில் ஊருக்கு வந்தால், ஆரஞ்சுத் தோல் மணக்கும் லேசான பியரைப் பற்றிப் பேசாமல் இருப்பதில்லை. அந்த மணம் பழத்திலிருந்துதான் வர வேண்டும் என்பதில்லை. பல பியர்களில் அது ஹாப்ஸ் என்ற பூவிலிருந்து, அதிலும் சிட்ரா, கேஸ்கேட் போன்ற வகைகளிலிருந்து வருகிறது. "நம்ம வீட்டிலேயே காய்ச்சலாமே" என்று அடுத்த பேச்சு வரும். கூடாது. தமிழ்நாட்டில் 1937ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டம் இருக்கிறது, உரிமம் இல்லாமல் மது காய்ச்சுவது குற்றம். ஆனால் அந்த பியரில் பிடித்தது எலுமிச்சை மணமும், பின்நாக்கில் நிற்கும் கசப்பும், குமிழும் என்றால் மூன்றையும் மது இல்லாமலே கொண்டுவர முடியும். அதற்கு ஹாப்ஸ் வாங்க வேண்டுமா, கொல்லையில் நிற்கும் நார்த்தை மரமே போதுமா என்பதுதான் கேள்வி.

இரண்டுக்கும் அடித்தளம் ஒன்றே: பார்லித் தண்ணீர். ஒரு லிட்டருக்கு 50 கிராம் பார்லியை வறுத்து, வேகவைத்து வடிகட்டினால் தானிய வாசனையோடு ஒரு மெல்லிய உடம்பு கிடைக்கும். வறுக்காமல் போட்டால் நோயாளிக்குக் கொடுக்கும் கஞ்சித் தண்ணீர் போலத்தான் இருக்கும்.

முதலில் ஹாப்ஸ். இது ஒரு கொடியின் பெண் பூங்கொத்து. இதழ்களுக்கு நடுவே இருக்கும் மஞ்சள் தூளில்தான் எல்லாம் அடக்கம்: கசப்புக்கு ஆல்ஃபா அமிலம், மணத்துக்கு எளிதில் ஆவியாகும் எண்ணெய்கள். கொதிக்கக் கொதிக்க ஆல்ஃபா அமிலம் உருமாறிக் கசப்பு ஏறும், எண்ணெய் பறந்துபோகும். அதனால் நமக்கு வேண்டிய மணத்துக்கு ஹாப்ஸைக் கொதிக்கவிடக் கூடாது. அடுப்பை அணைத்து, சூடு 80 டிகிரிக்கு இறங்கியதும் லிட்டருக்கு ஒன்றிரண்டு கிராம் போட்டு, கால் மணி நேரம் மூடிவைத்து, மெல்லிய துணியில் வடிக்க வேண்டும்.

கேஸ்கேட் 1970களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் வெளியான வகை. ஆல்ஃபா அமிலம் சுமார் 5 முதல் 7 சதவீதம். பம்ப்ளிமாசும் பூவும் கலந்த மணம். சிட்ரா அதற்கு வெகு காலம் பின்னால் வந்தது. அமிலம் 11 சதவீதத்துக்கு மேல், மணத்தில் எலுமிச்சையோடு மாம்பழச் சாயலும் உண்டு. பெயர் சிட்ராவுக்குத்தான் பெரிது. ஆனால் இந்த மாதிரி லேசான பானத்துக்கு நான் கேஸ்கேடைத்தான் சொல்வேன். சிட்ரா கை கொஞ்சம் கூடினாலும் பார்லியை அமுக்கிவிடும்.

ஹாப்ஸின் சிக்கல் நம் ஊர் வெயில். இந்தக் கொடிக்குக் குளிர்காலமும் நீண்ட கோடைப் பகலும் வேண்டும். இந்தியாவில் இமாச்சலத்தின் லாஹௌல் பள்ளத்தாக்கில் பயிரிட்டிருக்கிறார்கள், காவிரிப் படுகையில் பயிராக எடுபடாது. தூரத்திலிருந்து கூரியரில் அக்னி நட்சத்திரத்தில் வந்து சேரும் பொட்டலம் வழியிலேயே பாதி மணத்தை இழந்திருக்கலாம். வெப்பமும் காற்றும் பட்ட ஹாப்ஸில் பழைய சீஸ் வாடை வரும். வாங்கினால் காற்றுப்புகாத சிறு பொட்டலமாக வாங்கி, ஃப்ரீசரில் வையுங்கள். இன்னொன்று, வடித்த சக்கையை நாய் வாய் வைக்கும் இடத்தில் போடாதீர்கள். நாய்க்கு அது விஷம்.

இப்போது நார்த்தை. கும்பகோணம், மன்னார்குடிப் பக்கம் வேப்பிலைக்கட்டி இடிக்கிற வீடுகளுக்கு இந்த இலையின் குணம் நன்றாகத் தெரியும். ரொம்பக் கொழுந்தும் வேண்டாம், முற்றியதும் வேண்டாம், நடுத்தர இலையாகப் பறிக்க வேண்டும். நடு நரம்பைக் கிழித்து எடுத்துவிட வேண்டும். நான்கைந்து இலையைக் கையால் கசக்கி, அடுப்பை அணைத்த பிறகு போட்டு மூடி, பத்து நிமிடத்தில் எடுத்துவிட வேண்டும். அதற்கு மேல் ஊறினால் பச்சை வாடை வந்துவிடும். பறித்த ஐந்தாவது நிமிடத்தில் பாத்திரத்துக்குள் போகிற இலையின் மணத்துக்கு எந்த ஃப்ரீசர் பொட்டலமும் ஈடு கிடையாது. இந்த ஒரு காரணத்துக்காகவே மணத்தில் நான் நார்த்தைக்கு முதலிடம் கொடுக்கிறேன்.

கசப்பில் அது தோற்கிறது. பானம் இனிப்பாக நின்றுவிடும், அடுத்த வாய்க்குக் கூப்பிடாது. ஹாப்ஸ் அந்த இனிப்பை அழகாக வெட்டுகிறது. இதற்கு என் தீர்வு கிடாரங்காய்த் தோல். சுண்டுவிரல் நீளத்துக்கு ஒரு சீவல், இலையோடு சேர்த்துப் போட்டால் போதும். எலுமிச்சைத் தோலையும் சிலர் போடுவார்கள். அன்றே குடித்தால் நன்றாக இருக்கும், மறுநாள் மணம் மங்கிவிடும்.

தண்ணீரை மறந்துவிடாதீர்கள். நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் போர் தண்ணீர் உப்பு. உள்ளே வந்தாலும் பல இடங்களில் கடினத் தண்ணீர்தான். காரத்தன்மை உள்ள தண்ணீரில் ஹாப்ஸ் கசப்பு முரட்டுத்தனமாக இறங்கும். கேன் தண்ணீர் எடுத்து, ஹாப்ஸ் போடுவதற்கு முன்பே அரை மூடி எலுமிச்சை பிழிந்துவிட்டால் கசப்பு வழவழப்பாகும். நார்த்தை இலை இந்த விஷயத்தில் அவ்வளவு கோபிக்காது. அதற்குக் கடைசியில் பிழிந்தால் போதும்.

குமிழுக்கு ஈஸ்ட் போடலாமே என்பார்கள். கணக்குப் பாருங்கள்: லிட்டருக்கு 8 கிராம் சர்க்கரையை ஈஸ்ட் தின்றால் ஏறக்குறைய 4 கிராம் கரியமில வாயுவும் 4 கிராம் ஆல்கஹாலும் உண்டாகும். அதாவது அரை சதவீதம் மது. அப்புறம் நம் ஊர்ச் சூட்டில் அது எட்டு கிராமோடு நிற்காது. மூடிய கண்ணாடிப் பாட்டில் வெடித்தால் கண் போகும். சோடாவே மேல். பார்லிச் சாற்றைப் பாதித் தண்ணீரில் கெட்டியாக எடுத்து, பனங்கற்கண்டும் ஒரு சிட்டிகை உப்பும் கரைத்து, நன்றாகக் குளிரவைத்துக்கொள்ளுங்கள். டம்ளரில் சாறு முதலில், அதே அளவு குளிர்ந்த சோடா பிறகு, ஓரமாகச் சாய்த்து ஊற்ற வேண்டும். கரண்டி போட்டுக் கிளறினால் குமிழ் போய்விடும்.