சிறு ஊர் 'இந்தியன்' ரெஸ்டாரன்ட்டில் விருந்துக்கு முன்பணம் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள்

450 பவுண்டு போச்சு. நம்ம ஊர்க் காசுக்கு ஐம்பதாயிரம் ரூபாய். சனிக்கிழமை நடந்தது, இன்னும் வயிறு எரிகிறது. இங்கிலாந்தின் சின்ன ஊர்களில் இருக்கும் நம் ஆட்கள் என்னென்ன பார்க்க வேண்டும் என்று விவரமாகச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன்.

நாங்கள் இருப்பது வேல்ஸ் எல்லைப் பக்கம். இந்த நாட்டு 'கறி' ரெஸ்டாரன்ட்களில் பெரும்பாலானவற்றைப் போல, இங்கே 'இந்தியன்' என்று போர்டு போட்டவையும் வங்கதேசத்து சில்ஹெட்காரர்கள் நடத்துபவைதான். அதில் ஒரு குறையும் இல்லை, பால்டி என்கிற குழம்பை அருமையாகச் செய்வார்கள். ஆனால் நல்ல இட்லிக்கு பர்மிங்காம் வரை வண்டி ஓட்ட வேண்டும். அதனால்தான் அந்தக் கடையில் பரிமாற வந்த பையன் "அக்கா, நீங்க தமிழா?" என்று கேட்டதும் எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

பாப்பாவின் முதல் பிறந்தநாள், அறுபது பேருக்கு மதியச் சாப்பாடு என்றேன். "கவலைய விடுங்கக்கா, நம்ம ஊர் மாஸ்டர் ஒருத்தர் உள்ள இருக்காரு" என்றான். பார்சல் மெனுவின் பின்பக்கத்தில் அழகாகத் தமிழிலேயே எழுதினான்: இட்லி, உளுந்து வடை, சாம்பார், ரெண்டு சட்னி, கேசரி. ஓரத்தில் 'லெமன் சாதம் ஃப்ரீ'. மொத்தம் 900, பாதி முன்பணம். கார்டில் போட்டால் கமிஷன் போகும், ஓனர் அக்கவுண்டுக்கே அனுப்பிடுங்க என்றான். கல்லாவில் நின்ற ஓனர் எங்களைப் பார்த்துத் தலையாட்டிச் சிரித்தார். அங்கேயே நின்று 450 அனுப்பினேன்.

சனிக்கிழமை பன்னிரண்டரைக்குச் சாப்பாடு வர வேண்டும். வரவில்லை, பையனின் போன் அணைந்திருந்தது. வீட்டுக்காரர் ஓடிப் பார்த்தால் கடை பூட்டிக் கிடக்கிறது. மாலை ஐந்தரைக்குத்தான் திறப்பார்களாம். வந்த பெரியவர்களுக்கு சூப்பர் மார்க்கெட் சாண்ட்விச்சை நீட்டினேன். ஒரு பாட்டி உள்ளே என்ன இருக்கிறதென்று பிரித்துப் பார்த்துவிட்டு அப்படியே மூடி வைத்தார்.

மாலை போனோம். "அந்தப் பையன் போன வாரமே நின்னுட்டான்" என்றார் அதே ஓனர். அக்கவுண்ட் தன்னுடையது இல்லையாம். மெனு தாளைக் காட்டினேன். "இது என்ன எழுத்து? எங்க பில் இங்கிலீஷ்ல இருக்கும்" என்று திருப்பிக் கொடுத்தார். ஞாயிறு போன் செய்தால் மேனேஜர் வெளியூர். அப்புறம் யாரும் எடுக்கவே இல்லை. வங்கியில் கேட்டால், இது உங்களுக்கும் கடைக்கும் உள்ள தகராறு மாதிரி தெரிகிறது, பார்த்துச் சொல்கிறோம் என்கிறார்கள். மோசடியில் அனுப்ப வைத்த பணத்தை வங்கி திருப்பித் தர வேண்டும் என்று 2024 அக்டோபரிலிருந்து விதி இருக்கிறது. 'தகராறு' என்று முத்திரை குத்திவிட்டால் அது பொருந்தாது. 450 பவுண்டு, அவர்களுக்கு ஒரு சொல்லோடு முடிந்துவிடுகிறது.

சரி, அவசரமாகச் சில. முன்பணத்தைக் கிரெடிட் கார்டில் மட்டும் கட்டுங்கள். மொத்தத் தொகை 100 பவுண்டுக்கு மேல் இருந்தால், முன்பணம் மட்டும் கார்டில் போயிருந்தாலும், 1974ஆம் ஆண்டு நுகர்வோர் கடன் சட்டத்தின் 75ஆம் பிரிவில் கார்டு நிறுவனத்திடமே கேட்கலாம். தனியாள் பெயரிலுள்ள அக்கவுண்டுக்கு அனுப்பவே அனுப்பாதீர்கள். கடைப் பெயர் அச்சடித்த ரசீது, இங்கிலீஷில். மதியம் திறக்காத கடையில் மதிய விருந்து சொல்லாதீர்கள். இன்னும் நிறைய சொல்ல நினைத்தேன், வங்கியிலிருந்து போன் வருகிறது. அந்தப் பையன் வேறு ஏதாவது ஊர்க் கடையில் "அக்கா, நீங்க தமிழா?" என்று வந்தால் எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.