கொலுசுத் தராசும் ஹீலியம் பலூனும்: நான்கு ஆண்டு அனுபவம்

சேலத்தில் பலூன் அலங்கார வேலை செய்கிறேன். செவ்வாய்ப்பேட்டை வெள்ளிக் கொலுசுப் பட்டறைகளில் பார்க்கலாமே, உள்ளங்கை அகலத்தில் ஒரு மின்னணுத் தராசு, அதில் ஒன்றை நான்கு ஆண்டுகளாக வைத்திருக்கிறேன். பலூனின் தூக்குவிசையை அளக்க என் வேலைக்கு இதுவே பொருத்தம்.

இதை வாங்கவைத்தது ஏற்காட்டில் நடந்த ஒரு திருமணம். 400 கிராம் துணிப் பதாகை ஒன்றைப் பலூன்கள் தூக்கிப் பிடிக்க வேண்டும். வீட்டில் சோதித்தபோது 52 பலூன்கள் தூக்கிவிட்டன. மலைக்குப் போய் அதே 52ஐ நிரப்பினோம். பதாகை தரையை விட்டு எழவில்லை. "அக்கா, எல்லாம் ஒரே அளவாக இருக்க, அட்டையில் வெட்டிய ஓட்டையில் வைத்து அளந்துதானே நிரப்பினேன்" என்று உதவிக்கு வந்த தம்பி கண்கலங்கினான். அவன் மேல் தவறே இல்லை. மாறியிருந்தது காற்று.

பலூன் விலக்கும் காற்றின் எடையிலிருந்து உள்ளே இருக்கும் ஹீலியம், ரப்பர், ரிப்பன் மூன்றின் எடையையும் கழித்தால் மிஞ்சுவதே தூக்குவிசை. 28 செ.மீ. விட்டமுள்ள பலூனின் கொள்ளளவு சுமார் 11.5 லிட்டர். கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 280 மீட்டரில் இருக்கும் சேலத்தில், 35 டிகிரி வெயிலில், ஒரு லிட்டர் காற்று 1.11 கிராம், ஹீலியம் 0.15 கிராம். இரண்டின் வித்தியாசத்தை 11.5 லிட்டரால் பெருக்கினால் 11 கிராம். ரப்பருக்கும் ரிப்பனுக்கும் 3 போனால் 8. சுமார் 1,500 மீட்டர் உயர ஏற்காட்டில், 20 டிகிரியில், காற்று 1.01, ஹீலியம் 0.14. மிஞ்சுவது 7 கிராம்தான். குளிர்ந்த காற்றுக்குக் கனம் அதிகம் என்று நம்பிப் போனேன். உயரத்தில் குறையும் காற்றழுத்தம் அந்த ஆதாயத்தை விழுங்கிவிடுகிறது.

அளப்பது எளிது. தட்டில் 50 கிராம் படிக்கல்லை வைத்துப் பூஜ்யமாக்கி, ரிப்பனை அதில் கட்டிக் கையை எடுத்தால் திரையில் கழித்தல் குறியோடு 8.02 என்று வரும். மின்விசிறியை நிறுத்தியே ஆக வேண்டும். இல்லாவிட்டால் எண் ஓரிடத்தில் நிற்காது. பேட்டரி தளர்ந்தால் பூஜ்யமே நகர்கிறது. 200 கிராம்தான் தாங்கும் என்பது பெரிய குறை: 3 அடிப் பலூன் 300 கிராமுக்கு மேல் தூக்கும், அதை இதில் அளக்க முடியாது.

சேலத்திலேயே நிரப்பி எடுத்துப் போகலாமா என்று கேட்கிறார்கள். இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி முடிப்பதற்குள் உள்ளே இருக்கும் வாயு ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு விரிந்துவிடும். ரப்பர் நெகிழ்ந்து கொடுக்கும்; முழுக்க நிரப்பிய ஃபாயில் பலூன் தையலில் பிரிந்துவிடும்.

மலிவு என்று ஹைட்ரஜன் பக்கம் போகாதீர்கள். எடை ஹீலியத்தில் பாதி என்றாலும் தூக்குவது பத்தில் ஒரு பங்குகூட அதிகமில்லை. ஒரு தீப்பொறி போதும், குழந்தைகள் முகத்தருகே பற்றிக்கொள்ளும்.

இப்போது அதே பதாகைக்கு 400ஐ 7ஆல் வகுத்து 58 என்று எழுதுகிறேன். கசிவுக்கு 6 சேர்த்து, 64 பலூன்களை ஏற்காட்டிலேயே, விழாவுக்கு இரண்டு மணி நேரம் முன்பு நிரப்புகிறோம்.