எம்.ஐ.டி.யின் இலவச நிகழ்தகவுப் பாடம்: முதல் வகுப்பே போதுமான காரணம்

நிகழவே முடியாததற்குத்தான் நிகழ்தகவு பூஜ்ஜியம் என்று எண்ணியிருப்பவர்கள், பேராசிரியர் ஜான் சிட்சிக்லிஸ் நடத்தும், அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகமான எம்.ஐ.டி.யின் இலவச இணையப் பாடத்தின் முதல் வகுப்பை அவசியம் பார்க்க வேண்டும். ஓரலகுப் பக்கமுள்ள சதுரத்தின் மீது எறியப்படும் அம்பு ஏதோவொரு புள்ளியில் பட்டே தீரும். ஆனால் பரப்பளவே நிகழ்தகவு என்று கொண்டால், எந்தத் தனிப் புள்ளிக்கும் நிகழ்தகவு பூஜ்ஜியம்தான். அப்படியானால் எல்லாப் புள்ளிகளின் பூஜ்ஜியங்களையும் கூட்டினால் சதுரம் முழுவதற்கும் உரிய 1 எப்படி வரும் என்ற கேள்வியை அவர் மழுப்பாமல் எதிர்கொள்வதே இப்பாடத்தின் பெருஞ்சிறப்பு என்பேன். நிகழ்தகவின் கூட்டல் விதி, ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசைப்படுத்தத்தக்க முடிவிலிக்கு மட்டுமே பொருந்தும். சதுரத்தின் புள்ளிகளை அவ்வாறு வரிசைப்படுத்தவே இயலாது. கணிதவியலாளர் ஜார்ஜ் கேன்ட்டர் 1891-இல் அளித்த மூலைவிட்ட நிறுவலின் வழியில் இதை விளக்கும் துணைக் காணொளியும் உண்டு. அதைத் தவிர்த்துவிட்டு மேலே செல்வது பெரும் இழப்பு.

தலை விழும்வரை நாணயத்தைச் சுண்டும் எடுத்துக்காட்டும் அழகானது: இரண்டாவது, நான்காவது என இரட்டைப்படைச் சுண்டலில் முதல் தலை விழ நிகழ்தகவு 1/4 + 1/16 + 1/64 என்று முடிவின்றி நீண்டு, சரியாக 1/3 ஆகிறது.

ஒரே குறை, நீளம், பரப்பு, நிகழ்தகவு ஆகியவற்றை அளப்பதற்கான கணித அடித்தளமாகிய அளவைக் கோட்பாட்டின் ஆழத்திற்குள் பாடம் செல்வதில்லை. விளக்கம் ஆங்கிலத்தில் இருந்தாலும் பேச்சு நிதானமானது. மேல்நிலைப் பள்ளிக் கணிதத்தில் கணங்களும் தொடர்களும் படித்தவர்கள் இந்த முதல் வகுப்பைத் தயக்கமின்றித் தொடங்கலாம், பிந்தைய வகுப்புகளுக்கு நுண்கணிதம் தேவைப்படும்.