அறையா, முழு வீடா: சிங்கப்பூர் வாடகையில் யார் சொல் செல்லும்?

வேலை கிடைத்துச் சிங்கப்பூர் வரும் நம்மவர்கள் வீடு தேடும்போது, வாடகைத் தொகையைத்தான் முதலில் ஒப்பிடுகிறார்கள். வீவக (அரசாங்கத்தின் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) வீட்டில் ஓர் அறை எடுப்பதா, முழு வீட்டை எடுப்பதா என்று முடிவு செய்ய அது மட்டும் போதாது. வீட்டுக்குள் யார் சொல் செல்லும் என்பதையும் கேட்க வேண்டும்.

அறை வாடகையில் முதல் சண்டை சமையலறையில்தான் வரும். 'இலகுவான சமையல் மட்டும்' என்று விளம்பரத்தில் இருக்கும். உரிமையாளர் மனத்தில் நூடுல்ஸ் கொதிக்கவைப்பது. வருகிறவர் மனத்தில் சாம்பாரும் தாளிப்பும். ஒரு ஞாயிற்றுக்கிழமை கருவாட்டுக் குழம்பு வைத்தால் போதும், பேச்சுவார்த்தை நின்றுவிடும். எண்ணெயில் பொரிக்கலாமா, மீன் சமைக்கலாமா, ஊரிலிருந்து வரும் அம்மா நான்கு நாள் தங்கலாமா, குளிர்சாதனம் எத்தனை மணிநேரம் ஓடலாம் என்று எல்லாவற்றையும் ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லுங்கள். இதில் கூச்சமே வேண்டாம்.

இன்னொன்று: அறையை மட்டும் விடும் உரிமையாளர் அதே வீட்டில் வசித்தாக வேண்டும். ஓர் அறையைப் பூட்டிவைத்து, தானும் அங்கே இருப்பதாகக் கணக்குக் காட்டி வீடு முழுவதையும் விடுவது விதிமீறல். தவறு அவருடையதுதான் என்றாலும், பெட்டி படுக்கையோடு வெளியேறும் நிலை உங்களுக்கும் வரலாம். வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் அனுமதியைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். அறையானாலும் வீடானாலும் வீவகவில் குறைந்தது ஆறு மாதத்துக்குத்தான் வாடகைக்கு விடலாம் என்பதும் நினைவில் இருக்கட்டும்.

முழு வீட்டில் அடுப்பு உங்கள் கையில். உரிமையாளர் நினைத்த நேரத்தில் சாவி போட்டு உள்ளே வர முடியாது. ஆனால் சுமை கூடும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை குளிர்சாதனப் பராமரிப்பு, சிறு பழுதுகளில் ஒப்பந்தம் சொல்லும் தொகை வரையிலான செலவு, மின்சாரத் தண்ணீர்க் கட்டணம் எல்லாம் பொதுவாகக் குடியிருப்பவர் தலையில். இரண்டாண்டு ஒப்பந்தம் என்றால், வேலை போனால் இடையில் விலக வழிசெய்யும் 'டிப்ளமேட்டிக் கிளாஸ்' (diplomatic clause) என்ற விதி இருக்கிறதா என்று பாருங்கள். வழக்கமாக ஓராண்டு முடிந்த பிறகே, இரண்டு மாத அறிவிப்புடன் அது செல்லும். வேலை அனுமதியை நம்பி வாழ்பவர் இது இல்லாமல் கையெழுத்திடவே கூடாது.

இரண்டுக்கும் பொதுவானது முத்திரைத் தீர்வை, அதாவது ஒப்பந்தத்துக்காக அரசாங்கத்துக்குக் கட்டும் வரி. நான்கு ஆண்டுக்கு மேற்படாத ஒப்பந்தத்தில் மொத்த வாடகையில் 0.4 விழுக்காடு. மாதம் 3,000 வெள்ளி, இரண்டு ஆண்டு என்றால் 288 வெள்ளி. கையெழுத்திட்ட 14 நாளுக்குள் கட்ட வேண்டும். கட்டாத ஒப்பந்தத்தை நீதிமன்றம் சான்றாக ஏற்காது. சில நூறு வெள்ளியை மிச்சம் பிடிக்கப்போய் உரிமையாளரிடம் முன்பணமாகக் கொடுத்த வைப்புத்தொகையை ஆயிரக்கணக்கில் இழப்பது எனக்குச் சகிக்கவில்லை.

தனியாக வருபவருக்கு முதல் ஆண்டில் அறையே மேல் என்பேன். குழந்தையோடு வருபவர் சிரமப்பட்டாவது முழு வீட்டை எடுக்கட்டும். எதுவானாலும் சாவி வாங்கும் நாளன்றே சுவர்க்கறை, மெத்தைக் கிழிசல், குளியலறை ஓடு எல்லாவற்றையும் படமெடுத்து உரிமையாளருக்கு அனுப்பிவிடுங்கள். வைப்புத்தொகை திரும்பவில்லை என்றால், இரண்டாண்டுக்கு மேற்படாத குடியிருப்பு ஒப்பந்தங்களுக்குச் சிறு உரிமைகோரல் நடுவர் மன்றம் இருக்கிறது. 20,000 வெள்ளி வரை கோரலாம், வழக்கறிஞர் இல்லாமல் நீங்களே பேசலாம். பிரச்சினை எழுந்த இரண்டு ஆண்டுக்குள் மனு போட்டுவிட வேண்டும்.