கொடிமலை ரயில் பயணம்: தொடக்கப்பள்ளி அறிவியலுக்கு எவ்வளவு உதவும்?

பினாங்குக் கொடிமலை ரயிலைப் பெரும்பாலோர் மலையுச்சிக் குளிர்ச்சிக்காகவும் அங்கிருந்து தெரியும் காட்சிக்காகவும் பாராட்டுவார்கள். தமிழ்ப்பள்ளியில் அறிவியல் கற்பிக்கும் நான் இங்கு மதிப்பிட விரும்புவது, விசை, எளிய எந்திரம், உயிரினங்களை வகைப்படுத்துதல் ஆகிய பாடங்களுக்கு அது எந்த அளவுக்குக் கைகொடுக்கிறது என்பதையே.

தண்டவாளத்தின் நீளம் சுமார் 2 கிலோமீட்டர். ரயில் ஏறும் உயரம் ஏறத்தாழ 640 மீட்டர். இவ்விரு எண்களையும் மாணவர்களே வகுத்துப் பார்க்கட்டும். நீளம் உயரத்தைப் போல் மூன்று மடங்குக்குச் சற்று அதிகமாக இருப்பதால், உராய்வைக் கணக்கில் கொள்ளாவிட்டால், பெட்டியை நேராகத் தூக்கத் தேவைப்படும் விசையில் மூன்றில் ஒரு பங்கே அதைச் சரிவில் இழுக்கப் போதும். ஆனால் மூன்று மடங்கு தூரம் இழுத்தாக வேண்டும். சாய்தளம் விசையைக் குறைக்கிறதே தவிர வேலையைக் குறைப்பதில்லை என்பதை வெண்பலகைப் படம் இவ்வளவு தெளிவாக உணர்த்துவதில்லை.

கப்பிப் பாடம் இதைவிடச் சிறப்பானது. இரண்டு பெட்டிகளும் ஒரே கம்பி வடத்தால் இணைக்கப்பட்டு, இரு முனையிலும் வாளி கட்டிய கிணற்றுக் கயிற்றைப் போல, ஒன்று ஏற மற்றொன்று இறங்குகின்றன. இறங்கும் பெட்டி ஏறும் பெட்டியின் எடையை ஈடுசெய்வதால், உச்சியிலுள்ள மோட்டார் சமாளிக்க வேண்டியவை பயணிகளின் எடை வேறுபாடு, வடத்தின் எடை, உராய்வு ஆகியவையே. ஒரு பெட்டியில் 100 பேர் வரை ஏறலாம் என்னும்போது இந்த ஏற்பாட்டின் அருமை புரியும். நடுவழியில் தண்டவாளம் இரண்டாகப் பிரிந்து பெட்டிகள் விலகிச் செல்லும் கணத்தை மாணவர்கள் தவறவிடக் கூடாது. 1923-இல் தொடங்கிய பழைய சேவையில் பாதி வழியில் இறங்கி வேறு பெட்டிக்கு மாற வேண்டியிருந்தது. 2011-இல் வந்த புதிய ரயில் ஒரே மூச்சில் உச்சிக்குப் போய்விடுவதால், விளக்கத்தை ஏறும் முன்பே முடித்துவிடுவது நல்லது.

உச்சியில் இருக்கும் ‘தி ஹேபிடட்’ இயற்கைப் பூங்காவுக்குத் தனிக் கட்டணம் உண்டு. அங்குள்ள 1.6 கிலோமீட்டர் காட்டுப் பாதை, வகைப்படுத்துதலில் தோற்றத்தை மட்டும் நம்பக் கூடாது என்பதை மிக நன்றாகக் கற்பிக்கிறது. கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம் கொண்ட சாம்பல் நிறக் குரங்கின் குட்டி, பிறக்கும்போது ஆரஞ்சு நிறத்தில் இருக்கும். நிறத்தை வைத்துப் பிரிக்கும் மாணவர் தாயையும் சேயையும் வெவ்வேறு இனமாக்கிவிடுவார். மரத்துக்கு மரம் காற்றில் மிதந்து செல்லும் குபுங்கு என்னும் விலங்குக்கு இறகும் இல்லை, அலகும் இல்லை; அது குட்டிக்குப் பால் கொடுக்கும் பாலூட்டி. மரம் போல் நிமிர்ந்து நிற்கும் மரப்பெரணியோ பூப்பதே இல்லை, சிதல்விதைகளால் பெருகுகிறது. விலங்குகள் நாம் போகும் நேரத்துக்குக் காட்சி தருவதில்லை என்பதால், தாவரங்களைக் கொண்டே பாடத்தைத் திட்டமிடுவது பாதுகாப்பானது.

ஐந்தாம், ஆறாம் ஆண்டு மாணவர்களுக்கு இப்பயணத்தை முழு மனத்துடன் பரிந்துரைக்கிறேன். பள்ளி விடுமுறையிலும் வார இறுதியிலும் வரிசை நீளும் என்பதால், சாதாரண வேலை நாளின் காலை நேரத்தைத் தேர்ந்தெடுத்து, பெட்டியின் கீழ்முனைச் சன்னலோரத்தில் மாணவர்களை நிற்கச் செய்யுங்கள்; எதிர்ப்பெட்டி விலகி இறங்கிச் செல்வது அங்கிருந்து முழுமையாகத் தெரியும்.