'கெட்' என்ற ஒரு சொல்லுக்காகவே வாங்கலாம்: ஆக்ஸ்ஃபோர்டு அட்வான்ஸ்டு லேர்னர்ஸ் டிக்‌ஷனரி

ஓர் ஆங்கில அகராதி தேறுமா தேறாதா என்று பார்க்க, கடையில் நின்றபடியே நான் புரட்டுவது 'கெட்' இருக்கும் பக்கத்தைத்தான். அரிய சொற்களுக்குப் பொருள் எழுதுவது பெரிய காரியமில்லை. 'ரைனோசரஸ்' என்றால் காண்டாமிருகம், அதோடு முடிந்தது. மூன்றே எழுத்தில் ஆங்கிலேயர் நாள் முழுக்கப் புழங்கும் இந்த வினைச்சொல்லில்தான் அகராதி செய்தவர்களின் உழைப்பு வெளிப்படும். நான் பார்த்த அகராதிகளில் இந்தச் சோதனையில் முதலிடம் ஆக்ஸ்ஃபோர்டு அட்வான்ஸ்டு லேர்னர்ஸ் டிக்‌ஷனரிக்கு. அதன் பத்தாம் பதிப்பு 2020-இல் வந்தது. திருப்பூரில் நான் நடத்தும் மாலை நேர ஆங்கில வகுப்பில் என் மேசையை விட்டு நகராத புத்தகம் அது.

என்னிடம் படிக்க வருபவர்களில் பலர் பனியன் கம்பெனிகளில் மெர்ச்சண்டைசராக இருப்பவர்கள். வெளிநாட்டு பையருக்கு, அதாவது சரக்கு வாங்குபவருக்கு, மின்னஞ்சல் எழுதுவதும் அவர் எழுதுவதைப் புரிந்துகொள்வதும்தான் அவர்கள் பிழைப்பு. எல்லோரும் பள்ளியில் 'கெட் என்றால் பெறு' என்று மனப்பாடம் செய்தவர்கள். பஸ் நிலையக் கடைகளில் தொங்கும் கையடக்க ஆங்கிலம்-தமிழ் அகராதிகளிலும் 'பெறு, அடை' என்பதற்கு மேல் அதிகம் இருக்காது. கடிதம் வந்தது, பணம் வந்தது என்று சொல்லும்வரை அது துணைக்கு வரும். 'இட் இஸ் கெட்டிங் லேட்' என்று பையர் எழுதினால், அங்கே யார் எதைப் பெறுகிறார்கள்?

இந்த அகராதி அதற்கு என்ன செய்கிறது என்று பாருங்கள். ஒன்று, இரண்டு என்று பொருள்களை அடுக்கிக்கொண்டே போனால் படிப்பவர் மூன்றாவதிலேயே சோர்ந்துவிடுவார். ஆகவே 'கெட்' பகுதியைச் சிறு தலைப்புகளாகப் பிரித்திருக்கிறார்கள்: கிடைப்பது, கொண்டுவருவது, நோய், நிலை மாறுவது, போய்ச் சேர்வது, புரிவது என்று. அதைவிட முக்கியம், ஒவ்வொரு பொருளோடும் அந்தச் சொல்லுக்குப் பின்னால் என்ன வரும் என்பதையும் காட்டியிருப்பது. பொருள் என்றால் 'கெட் எ லெட்டர்', கிடைத்தது. குணத்தையோ நிலையையோ சொல்லும் சொல் என்றால் 'கெட் டயர்டு', களைத்துப்போவது. 'டு' போட்டு ஊர்ப்பெயர் என்றால் 'கெட் டு ஈரோடு', போய்ச் சேர்வது. 'கெட்' என்பதன் பொருள் அதன் பக்கத்து வீட்டில் குடியிருக்கிறது. இது மனதில் பதிந்துவிட்டால் பாதிப் பயம் போய்விடும்.

நான் வகுப்பில் இதற்கு மேலும் ஒரு படி போவேன். தமிழில் 'எனக்கு' என்று தொடங்கும் வாக்கியங்களை எழுதச் சொல்வேன். எனக்குக் கடிதம் வந்தது. எனக்குக் காய்ச்சல் வந்தது. எனக்குக் கோபம் வந்தது. எனக்கு வேலை கிடைத்தது. எனக்குப் புரிந்தது. இவற்றில் ஒவ்வொன்றையும் ஆங்கிலத்தில் 'ஐ காட்' என்று தொடங்கிச் சொல்லிவிடலாம். நம் மொழியில் கடிதமும் காய்ச்சலும் கோபமும் நம்மைத் தேடி வருகின்றன. ஆங்கிலத்தில் 'நான்' முன்னால் போய் நின்றுகொள்கிறது. எந்த அகராதியிலும் இது எழுதியிருக்காது. ஆனால் இந்த அகராதியின் எடுத்துக்காட்டு வாக்கியங்களைத் தமிழில் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனால் தானாகப் பிடிபடும்.

எங்கள் ஊருக்கு இந்தப் பக்கத்திலேயே விலைமதிப்பற்றது என்று நான் கருதுவது 'கெட் சம்திங் டன்' என்னும் பகுதி. வேலையை நாம் செய்யாமல் இன்னொருவரைக் கொண்டு செய்விப்பது. நூல் வாங்குவது ஓரிடம், நிட்டிங் ஓரிடம், சாயம் ஓரிடம், பிரிண்டிங் வேறோரிடம் என்று ஜாப் ஒர்க்கிலேயே ஓடும் ஊர் இது. சாயப்பட்டறைக்கு அனுப்பி வாங்கிய துணியைப் பற்றி 'வி டைடு தி ஃபேப்ரிக்' என்று எழுதினால், இந்தக் கம்பெனிக்குச் சொந்தச் சாயப்பட்டறை இருக்கிறது என்று பையர் நினைத்துக்கொள்ள இடமிருக்கிறது. பட்டறையைப் பார்க்க வேண்டும், கழிவுநீர்ச் சுத்திகரிப்புக்கான சான்றிதழ் வேண்டும் என்று அடுத்த மின்னஞ்சல் வரும். 'வி காட் தி ஃபேப்ரிக் டைடு' என்றால் வெளியே கொடுத்துச் செய்தது என்பது அந்த வாக்கியத்திலேயே தெரிந்துவிடும். இத்தனைக்கும் இது நமக்கு அந்நியமான வழக்கும் அல்ல. 'சாயம் போட்டு வாங்கினோம்', 'ரவிக்கை தைத்து வாங்கினேன்' என்று தினமும் சொல்கிறோமே, அந்த 'வாங்கு' செய்யும் வேலையைத்தான் அங்கே 'கெட்' செய்கிறது. பல் பிடுங்கிக்கொண்டு வந்தவர் 'ஐ ரிமூவ்டு மை டூத்' என்று சொன்னால், கேட்கும் ஆங்கிலேயர் இவரே குறடு எடுத்துப் பிடுங்கிக்கொண்டதாக நினைத்துப் பதறுவார்.

இதோடு ஒட்டிய இன்னொன்று, ஆளைச் சம்மதிக்க வைத்து வேலை வாங்குவது. 'ஐ காட் தி டெய்லர் டு ரீடூ தி காலர்'. இங்கே 'டு' கட்டாயம். 'மேக்' என்ற சொல்லுக்குப் பின்னால் அந்த 'டு' வரக்கூடாது. இரண்டையும் குழப்பாத மாணவரை நான் அரிதாகவே பார்க்கிறேன்; அகராதி இரண்டு இடத்திலும் அமைப்பைத் தெளிவாகக் காட்டிவிடுகிறது. அதே போல, 'பெறு' என்ற பொருளுக்குப் பக்கத்தில் இதற்குச் செயப்பாட்டு வினை கிடையாது என்ற சின்னக் குறிப்பு இருக்கிறது. அலுவலகத் தமிழின் 'கடிதம் பெறப்பட்டது' பழக்கத்தில் 'தி லெட்டர் வாஸ் காட்' என்று எழுதக் கை போகும். அங்கே 'வாஸ் ரிசீவ்டு' என்றுதான் எழுத வேண்டும்.

பஸ்ஸிலிருந்து இறங்குவதை நாம் 'கெட் டவுன்' என்கிறோம். இந்தியா முழுக்க அப்படித்தான் சொல்கிறார்கள், இங்கே யாருக்கும் அது புரியாமல் போவதில்லை. லண்டனில் பஸ், ரயிலிலிருந்து இறங்குவது 'கெட் ஆஃப்'. காரிலிருந்து இறங்குவது 'கெட் அவுட்'. நிமிர்ந்து நடந்து ஏறும் வண்டிக்கு 'ஆன், ஆஃப்', குனிந்து நுழையும் வண்டிக்கு 'இன், அவுட்' என்று நான் சொல்லிக்கொடுப்பேன். 'கெட் டவுன்' என்று இந்த அகராதியில் தேடினால், சாப்பிட்டு முடித்த குழந்தை மேசையை விட்டு எழுந்து போவது என்று ஒரு பிரிட்டிஷ் வழக்கு இருக்கிறது. ஒருவரை மனம் சோரச் செய்வது என்றும் இருக்கிறது.

இவ்வளவு கவனம் எப்படி வந்தது என்பதற்கு இந்த அகராதியின் பிறப்பே விடை. ஏ. எஸ். ஹார்ன்பி 1924-இல் ஜப்பானுக்கு ஆங்கிலம் கற்பிக்கப் போனவர். ஆங்கிலத்தை அயல்மொழியாகப் படிப்பவர் எங்கே இடறுவார் என்பதை வகுப்பறையில் நின்று பார்த்தவர். கேட்டன்பி, வேக்ஃபீல்டு என்ற இருவரோடு சேர்ந்து அவர் உருவாக்கிய அகராதி 1942-இல் டோக்கியோவில் கைதகுஷா நிறுவனத்தின் வெளியீடாக வந்தது. ஆக்ஸ்ஃபோர்டு அதை 1948-இல் வெளியிட்டது. ஆங்கிலேயருக்காகச் செய்த அகராதிகள் 'இதன் பொருள் என்ன' என்பதோடு நிற்கலாம். 'இதை நான் எப்படிப் பயன்படுத்துவது' என்பது டோக்கியோ மாணவரின் கேள்வி, நம் கேள்வியும் அதுவே.

வாங்குவதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டியவை சில. இதில் தமிழ்ப் பொருள் கிடையாது, எல்லாமே ஆங்கிலம். விளக்கங்களை ஏறக்குறைய மூவாயிரம் அடிப்படைச் சொற்களுக்குள் எழுத முயன்றிருப்பதால் பத்தாம் வகுப்பு ஆங்கிலம் ஓரளவு வந்தவரால் சமாளிக்க முடியும். அதற்கும் கீழே இருப்பவர் ஓர் ஆங்கிலம்-தமிழ் அகராதியோடு தொடங்கி, ஓராண்டு கழித்து இதற்கு வரட்டும். அச்சுப் புத்தகம் நல்ல கனம், பையில் வைத்துத் தூக்கிக்கொண்டு அலைய முடியாது. இதன் இணையதளம் இலவசம். பிரிட்டிஷ், அமெரிக்க உச்சரிப்புகளை அங்கே காதால் கேட்கலாம். அமெரிக்கர்கள் 'காட்டன்' என்று சொல்வது ஆங்கிலேயரின் 'காட்' என்பதற்கு இணை என்ற குறிப்பும் அங்கே உண்டு. பருத்தி ஊரில் அதைக் கேட்டுக் குழம்பாதீர்கள்.

ஆனாலும் 'கெட்' போன்ற சொற்களுக்கு நான் அச்சுப் புத்தகத்தையே சொல்வேன். கைப்பேசித் திரையில் ஒரு நேரத்தில் இரண்டு மூன்று பொருள்தான் தெரியும். விரலால் தள்ளிக்கொண்டே போனால் மேலே பார்த்தது மறந்துவிடும். தாளில் மொத்தமும் கண்முன் விரிந்து கிடக்கும், பென்சிலால் கோடு போடலாம், ஓரத்தில் தமிழ் எழுதிவைக்கலாம். புதிய பதிப்பின் விலை கையைக் கடித்தால் பழைய புத்தகக் கடையில் 2005-இன் ஏழாம் பதிப்பையோ 2010-இன் எட்டாம் பதிப்பையோ தேடிப் பாருங்கள். புதுச் சொற்கள் சில இருக்காது. 'கெட்', 'டேக்', 'புட்', 'மேக்' நான்கையும் கற்க அது தாராளமாகப் போதும். வாங்கும்போது 'ஜி' வரிசையில் தாள் கிழியாமல் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.