இலவசச் சான்றிதழா, கட்டணச் சான்றிதழா?

சிங்கப்பூரின் தேக்காவில் கடை நடத்துபவர்களுக்கு இணையத்தளம் அமைத்துக் கொடுக்கும்போது, தளத்தை https முகவரியில் பாதுகாப்பாகத் திறக்க உதவும் சான்றிதழைப் பணம் கட்டி வாங்கினால் பூட்டு இன்னும் கெட்டியாக இருக்குமா என்று யாராவது கேட்காமல் விடுவதில்லை. இருக்காது. உலாவிக்கும் சர்வருக்கும் இடையில் போகும் தகவல் எவ்வளவு வலுவாக மறையாக்கம் செய்யப்படும், அதாவது இடையில் யாரும் படிக்க முடியாதபடி மாற்றப்படும் என்பது, அவை இரண்டும் தமக்குள் ஒத்துக்கொள்ளும் டிஎல்எஸ் என்ற பாதுகாப்பு நெறிமுறையின் பதிப்பையும் மறையாக்க முறையையும் பொறுத்தது. 2018இல் வெளிவந்த டிஎல்எஸ் 1.3, லெட்ஸ் என்கிரிப்ட் என்ற அமைப்பு தரும் இலவசச் சான்றிதழோடும் சில நூறு வெள்ளிக்கு வாங்கிய சான்றிதழோடும் ஒரே மாதிரிதான் இயங்கும்.

வேறுபாடு சரிபார்ப்பில் இருக்கிறது. இலவசச் சான்றிதழ், அந்த டொமைன் (தளத்தின் இணையப் பெயர்) உங்கள் கையில் இருக்கிறதா என்பதை மட்டும் பார்க்கிறது; மனிதக் கை படாமல் சில நிமிடங்களில் கிடைத்துவிடும். கட்டண வகைகளில் நிறுவனச் சரிபார்ப்பு உள்ளவை, உங்கள் வணிகம் நிறுவனங்களைப் பதிவுசெய்யும் அரசு அமைப்பான அக்ராவில் பதிவாகி இயங்குகிறதா என்றும் பார்க்கும். ஆனால் அந்த உழைப்பின் பலன் வாடிக்கையாளர் கண்ணில் படுவதில்லை. மிகக் கடுமையான சரிபார்ப்புக்குப் பரிசாக முகவரிப் பட்டையில் பச்சை நிறத்தில் தெரிந்த நிறுவனப் பெயரை குரோமும் ஃபயர்ஃபாக்ஸும் 2019இலேயே எடுத்துவிட்டன. நகை வாங்க வருபவர் எவரும் சான்றிதழ் விவரத்தைத் திறந்து படித்து நான் பார்த்ததில்லை.

புதுப்பித்தல்தான் உண்மையான தலைவலி. ஒரு பலகாரக் கடையின் தளம் தீபாவளிக்கு இரண்டு வாரம் முன்பு, ஒரு சனிக்கிழமை காலையில், சான்றிதழ் காலாவதியாகி முழுத்திரை எச்சரிக்கையோடு நின்றது. அது ஓராண்டுக்குக் காசு கொடுத்து வாங்கிய சான்றிதழ். காலாவதி நினைவூட்டல்கள் எல்லாம் வேலையை விட்டுப் போன ஊழியரின் மின்னஞ்சலுக்குச் சென்றுகொண்டிருந்தன. லெட்ஸ் என்கிரிப்ட் சான்றிதழ் 90 நாள்தான் தாங்கும் என்பதைக் குறையாகச் சொல்வார்கள். அத்தனை குறுகிய காலம் என்பதால்தான் புதுப்பித்தலை யாரும் மனிதர் பொறுப்பில் விடுவதில்லை. கட்டணச் சான்றிதழ்களின் ஆயுளும் சுருங்குகிறது: 2025இல் உலாவி நிறுவனங்களும் சான்றிதழ் வழங்குநர்களும் எடுத்த முடிவின்படி, உச்ச வரம்பு 2026 மார்ச்சில் 200 நாள், 2027இல் 100 நாள், 2029இல் 47 நாள்.

ஆகவே, தானியங்கிப் புதுப்பித்தலை ஆதரிக்கும் ஹோஸ்டிங் (தளத்தை வைத்திருக்கும் சர்வர் சேவை) இருந்தால் இலவசத்தையே எடுப்பேன். பழைய கருவிகளில் கையால்தான் பதிக்க முடியும் என்றாலோ, பெரிய நிறுவனம் ஒன்றின் கொள்முதல் பிரிவு நிறுவனச் சரிபார்ப்பைக் கேட்டாலோ, கட்டணச் சான்றிதழுக்கு நியாயம் உண்டு.

இரண்டையும் விட முக்கியமான ஒன்று பேச்சில் விடுபட்டுப் போகிறது. வாடிக்கையாளருக்கும் சர்வருக்கும் நடுவில் நிற்கும் கிளவுட்ஃபிளேர் போன்ற இடைச்சேவையை முன்னால் வைப்பவர்கள், அதன் ‘ஃபிளெக்சிபிள்’ அமைப்பில் நின்றுவிடுவதுண்டு. வாடிக்கையாளரிடமிருந்து இடைச்சேவை வரை மறையாக்கம் உண்டு. அங்கிருந்து உங்கள் சர்வருக்கு ஒன்றுமில்லை. ‘ஃபுல் ஸ்ட்ரிக்ட்’ அமைப்பு, சர்வரிலும் செல்லுபடியாகும் சான்றிதழைக் கேட்கும். சிங்கப்பூரின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், கையிலிருக்கும் தரவுக்கு நியாயமான பாதுகாப்பு ஏற்பாடு வேண்டும் என்கிறது. ஃபிளெக்சிபிளில் இருந்த ஒரு கடையில், ஆர்டர் படிவத்தில் நிரப்பிய தொலைபேசி எண்ணும் புளோக் எண்ணும் வீட்டு எண்ணும் அந்தப் பின்பாதையில் எழுதிய மேனிக்கே போய்க்கொண்டிருந்தன. வாடிக்கையாளரின் கைப்பேசியில் எந்த எச்சரிக்கையும் வரவில்லை.